வெள்ளிமலைக்குப் போனோம், பாம்பு ஆசையை விட்டு வந்தோம்

என் தங்கை வீட்டுக்காரர் கல்வராயன் மலையில், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். "அக்கா, ஒரு தடவையாவது வெள்ளிமலைக்கு வந்து நாலு நாள் தங்கிட்டுப் போயேன்" என்று அவள் நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காலாண்டுப் பரீட்சை விடுமுறையில்தான் அதற்கு வேளை வந்தது. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பத்தொன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

அவனை நான் இழுத்துக்கொண்டு போனதற்கு வேறு காரணமும் இருந்தது. பையனுக்குப் பாம்புப் பைத்தியம் பிடித்திருந்தது. சிரிக்காதீர்கள் சகோதரிகளே, நிஜமாகத்தான் சொல்கிறேன்!

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் மகன், உத்தியோகம் போக மிச்ச நேரத்தில் பாம்பு வளர்த்து விற்கிறான். நாம் மாடித் தோட்டத்தில் ரோஜாப் பதியன் போட்டு விற்பதில்லையா, அதுபோல. அவன் வளர்ப்பது 'பால் பைதான்' என்ற சிறு மலைப்பாம்பு. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். தாய் வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்தாறு முட்டை இடுமாம். அதைச் சூடு மாறாத பெட்டியில் இரண்டு மாதம் வைத்தால் குஞ்சு பொரியும். குட்டி முதல் சட்டை உரித்து, நாலைந்து தடவை ஒழுங்காக இரை எடுத்த பிறகுதான் விற்பனைக்குக் கொண்டு போக வேண்டுமாம்.

அங்கே இதற்கென்றே சந்தை கூடுகிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலும், ஜெர்மனியில் ஹாம் என்ற ஊரிலும் நடப்பவை பெரிய சந்தைகளாம். ஒரு மேஜைக்கு இத்தனை என்று வாடகை கட்டி, பிளாஸ்டிக் டப்பாக்களில் குட்டிகளை வரிசையாக வைத்து, ஆணா பெண்ணா, எப்போது பொரித்தது, என்ன விலை என்று சீட்டு ஒட்டி உட்கார வேண்டும். வருகிறவர்கள் பேரம் பேசுவார்கள். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் பாதி விலைக்குக் கேட்பார்கள். "மேஜை வாடகை, எலித் தீனி, கரண்டு பில் எல்லாம் போனால் கையில் நிற்பது சொற்பம்தான் அத்தை" என்று அவனே போனில் சொல்லிச் சிரித்தான்.

என் மகன் காதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் விழவில்லை. போனில் யாரோ ஒருவனைப் பிடித்து, இரண்டு குட்டிக்கு 15,000 ரூபாய் விலை பேசி, எனக்குத் தெரியாமல் 3,000 ரூபாய் அட்வான்ஸும் அனுப்பிவிட்டான். மீதியைக் கட்டினால் பஸ் பார்சலில் வந்து சேருமாம். "ஜோடி வாங்கினால் மூணு வருஷத்தில் நானும் குட்டி விற்பேன்" என்று கணக்கு வேறு போட்டு வைத்திருந்தான். ஊரை விட்டு நாலு நாள் நகர்த்தினால் மனசு மாறாதா என்பது என் யோசனை.

விழுப்புரத்தில் பஸ் ஏறி உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி வந்தோம். முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டத்தின் தலைநகர். அங்கிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் கச்சிராயபாளையம். அதைத் தாண்டியதும் கோமுகி அணை. மழை பெய்திருந்ததால் தண்ணீர் நிறைந்து தளும்பியது. அதன் பிறகு காடு, வளைவுக்கு மேல் வளைவு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கரியாலூரைத் தாண்டி வெள்ளிமலையில் இறங்கியபோது, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்படி குளிர்ந்தது.

வெள்ளிமலை பெரிய ஊர் இல்லை. ஒரு கடைத்தெரு, தாலுகா ஆபீஸ், சுற்றிலும் மலை, அவ்வளவுதான். ஆனால் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கு இதுதான் பட்டணம். இங்கே வாழ்கிறவர்களை மலையாளிகள் என்கிறார்கள். கேரளத்து மலையாளி இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்கிறார்கள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்ததாம். என் தங்கை வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாமையும் மரவள்ளியும்தான் இங்கே பயிர். கடுக்காய், புளி, தேன் எல்லாம் காட்டிலிருந்து வருகின்றன. தங்கை முதல் நாளே சாமைச் சோறு வடித்து, மொச்சைக் குழம்பு வைத்தாள். சாமையை நன்றாகக் கல் அரித்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் குழையாமல் வரும். சர்க்கரை உள்ளவர்கள்கூட அளவாகச் சாப்பிடலாம் என்றாள்.

இரண்டாம் நாள் பெரியார் அருவிக்குப் போய்க் குளித்தோம். மேகம் அருவி பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். பாதை வழுக்கும் என்று தடுத்துவிட்டார்கள். பையன் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் போனில் சிக்னல் கிடைக்கிற இடமாகத் தேடித் தேடி நின்றான்.

மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மா.

"டீச்சரம்மா, பாப்பா வயித்த வலிக்குதுன்னு சுருண்டு சுருண்டு அழுவுது. கண்ணு தொறக்க மாட்டேங்குது."

ஓடிப் போய்ப் பார்த்தோம். ஒன்பது வயதுப் பெண். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளை. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தது. பாட்டி சீரகக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள். இமை இரண்டும் பாதி மூடிக் கிடந்தன. பேச்சு குழறியது. அஜீரணம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பின்னாலேயே வந்த என் மகன்தான் சொன்னான்: "அம்மா, இது கட்டுவிரியன் கடியா இருக்கும். ராத்திரி தரையில் தூங்குறவங்களைத்தான் கடிக்கும். வலிக்காது, வீங்காது, கடிச்ச இடமே தெரியாது. வயித்து வலி வரும், அப்புறம் கண் இமை சொருகும். கஷாயம் குடுக்காதீங்க, புரையேறிடும்!"

அவன் பாம்பைப் பற்றிப் படித்ததற்கெல்லாம் நான் எத்தனை திட்டியிருக்கிறேன்! அந்த நிமிஷம் வாயடைத்து நின்றேன்.

தெருவில் ஒருவர் ஜீப்பை எடுத்தார். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மலையிலேயே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். அங்கே விஷமுறிவு ஊசியை டிரிப்ஸில் ஆரம்பித்து, 108 வண்டியில் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியில் மூச்சு தளர்ந்துவிட, கூட வந்தவர் பலூன் போன்ற பையை அமுக்கி அமுக்கியே காற்றுக் கொடுத்தார். எந்த வளைவில் அந்த மூச்சு நின்றுவிடுமோ என்று அந்தத் தாய் என் கையைப் பிடித்த பிடி, இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

இரண்டு நாள் சுவாச இயந்திரம். மூன்றாம் நாள் கண் திறந்து, "பாட்டி எங்கே?" என்று கேட்டது குழந்தை. நாங்கள் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து அழுதோம்.

அந்த வராந்தாவில் என் மகன் ஒரு நர்ஸம்மாவிடம், "இந்த மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருது தெரியுமா?" என்று ஆரம்பித்தான். அப்போதுதான் நானும் முழுக்கக் கேட்டேன்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்புத் தோலுக்காகவே பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது. பிழைப்பு போனது. ரோமுலஸ் விட்டேகர் என்பவர் துணையோடு 1978-ல் இந்தச் சங்கம் தொடங்கியது. அரசாங்க அனுமதியுடன் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலையும் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, நாலு தடவை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள்.

இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போனார்கள். எதற்குத் தெரியுமா? அங்கே ஆசைக்கு வாங்கி வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் பெரிதானதும், சமாளிக்க முடியாமல் பலர் சதுப்புக் காட்டில் விட்டுவிட்டார்கள். வளர்ப்பிடத்திலிருந்து தப்பியதும் உண்டு. அவை பெருகி, முயல், ரக்கூன் என்று காட்டையே காலி செய்கின்றன. அதைத் தேடிப் பிடிக்கத்தான் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களைக் கூப்பிட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்து நாடு கௌரவித்தது.

"அப்போ உன் மச்சான் விற்கிற பாம்பும் பின்னால் அப்படித்தானே ஆகும்?" என்று கேட்டேன். "அது வேற, இது வேறம்மா" என்றான். ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

திரும்பி வந்ததும் நாத்தனார் மகனையே போனில் கூப்பிட்டு விசாரித்தோம். அவன் பச்சையாகச் சொல்லிவிட்டான்: "பால் பைதான் இருபது முப்பது வருஷம் உயிரோடு இருக்கும். மேல்படிப்பு, வேலை, கல்யாணம் என்று நீ போய்விட்டால் அத்தையா எலி வாங்கிப் போடுவாங்க?" கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே அது சட்டப்படி நடக்கும் வியாபாரம், இந்தியாவில் எப்படி என்று முதலில் விசாரி என்றான்.

விசாரித்தோம். சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். பால் பைதான் போன்ற வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்தின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. கை மாறினாலும், குட்டி போட்டாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சீட்டு இல்லாமல் பஸ் பார்சலில் வருவது பெரும்பாலும் கடத்தல் சரக்காகத்தான் இருக்கும். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் நாற்பதுக்கு மேல் பால் பைதான்கள் அடைந்து கிடந்தன.

விற்கிறவனிடம் பதிவுச் சீட்டு கேட்டான் என் மகன். அன்றோடு அந்த நம்பர் எடுக்கவில்லை. 3,000 ரூபாய் போனது போனதுதான். அவன் அப்பாவிடம் நானே சொல்லி, பாதித் திட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பாம்பு, ஆமை, பல்லி இனங்கள் நோய் காட்டாமலே சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டில் அவற்றை வளர்க்க வேண்டாம் என்கிறார்கள் வைத்தியர்கள்.

பாம்புக்கடி என்றால் செய்ய வேண்டியதும் சுருக்கமானதுதான். பயப்படாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, உடனே ஆஸ்பத்திரி. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை, மந்திரம் எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியமும் இல்லை. கிராமத்தில் மழைக்காலத்தில் தரையில் படுக்க நேர்ந்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் சொருகிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியும் இமை சொருகலும் வந்தால் கட்டுவிரியனை நினையுங்கள். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பதாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து எந்த ஆஸ்பத்திரியும் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

போன மாதம் என் மகன் வடநெம்மேலிக்குப் போய், இருளர்கள் விஷம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்தான். பாம்பு ஆசை விட்டது என்று தலைப்பில் எழுதிவிட்டேனே தவிர, வளர்க்கும் ஆசைதான் விட்டது. படிக்கும் ஆசை இருக்கிறது, இருக்கட்டும். வெள்ளிமலையிலிருந்து தங்கை தேனும் சாமையும் அனுப்பியிருக்கிறாள். கூடவே, பக்கத்து வீட்டுக் குழந்தை பென்சிலால் எழுதிய கடிதம்: "பாம்பு அண்ணாவுக்கு நன்றி. எங்கள் வீட்டில் கட்டில் வாங்கிவிட்டோம்."