எந்த நூலை வாங்குவது?

இசையில் முதுகலை பயிலும் எம் மகளுக்கு நூலொன்று வாங்க, டில்லியிலுள்ள பழைய புத்தகக் கடை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். இன இசையியலில் அவளுக்கு நாட்டம் மிகுதி. மக்கள் வாழ்வோடு இசை எவ்வாறு பிணைந்துள்ளது என ஆராயும் துறை அது. கடைக்காரர் இரண்டு ஆங்கில நூல்களை எடுத்து வைத்தார். கையிலிருந்த பணமோ ஒன்றுக்கே போதுமானது.

முதலாவது, ஆலன் மெரியம் 1964-இல் வெளியிட்ட 'இசையின் மானிடவியல்'. இசையைப் பற்றி மக்கள் கொண்டுள்ள கருத்து, இசையையொட்டிய அவர்தம் நடத்தை, எழும் ஒலி ஆகிய மூன்றையும் இணைத்தே ஆராய வேண்டும் என்பது அவர் கோட்பாடு. ஆய்வு தொடங்குவோர்க்கு உறுதியான அடித்தளம் அது.

மற்றது, ஜான் பிளாக்கிங் 1973-இல் வெளியிட்ட 'மனிதன் எத்துணை இசையுணர்வு உடையவன்?' என்னும் சிறு நூல். தென்னாப்பிரிக்காவின் வெண்டா மக்களிடையே 1956 முதல் 1958 வரை அவர் ஆய்வு செய்தவர். இசைக்கும் ஆற்றல் மனிதர் எவர்க்கும் இயல்பாகவே உண்டென்பது அம்மக்களின் துணிபு. அவ்வாறிருக்க, சிலரை மட்டும் இசைவாணரென உயர்த்தி, ஏனையோரைக் கேட்போராக ஒதுக்குவது முறையா என வினவுகிறார் பிளாக்கிங்.

அவ்விடத்தில் எம் அன்னையார் நினைவுக்கு வந்தார். எம் மக்கள் மூவரையும் தாலாட்டி உறங்கச் செய்தவர் அவர். ஊர்க் குளமும் மாமன் தந்த சீரும் அப்பாட்டில் வரும். ஒருமுறை விருந்தினர் ஒருவர், "பாட்டி பாடுவார்களோ?" என்று கேட்டார். "எனக்கேதப்பா சங்கீதம்? குழந்தை அழுதால் ஏதோ முனகுவேன்" என்றார் அன்னையார். நாமும் சிரித்து ஆமோதித்தோம். அவர் மறைந்தபின் தேடினால், ஓரடிகூட எவரும் எழுதி வைக்கவில்லை.

பிளாக்கிங்கையே வாங்கினோம். மெரியத்தைக் கல்லூரி நூலகத்தில் படித்துக்கொள்ளலாம் என மகளும் இசைந்தாள். இரண்டு நாளில் நூலை முடித்தவள், தஞ்சாவூரிலுள்ள எம் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தை, பாட்டியின் தாலாட்டு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கேதம்மா பாட்டு?" என்றே அவரும் தொடங்கினார். மகள் விடவில்லை. சற்று நேரம் சென்று அவர் பாடலானார். இடையில் இரண்டு அடிகள் மறந்துபோயின. எஞ்சியவற்றை அவள் எழுதிக்கொண்டாள்.

அன்பர்கள் எந்நூலை வேண்டுமாயினும் வாங்குக. அதற்குமுன், வீட்டிலுள்ள முதியோரை ஒருமுறை பாடச் சொல்லிக் கேளுங்கள்.