பத்துப் பொருத்தம்

என் நண்பர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கும்பகோணத்துக்காரர். டிகிரி காபியைத் தாண்டி எந்தப் போதையும் அறியாதவர். ‘பொண்ணு சிங்கப்பூர்ல என்ன சார் பண்றா?’ என்று யாராவது கேட்டால், ‘ஹோட்டல்ல இருக்கா’ என்று சொல்லிவிட்டு, காவிரியில் தண்ணீர் வந்ததா என்று உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

விஷயம் இதுதான். அவள் அங்கே ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்டில் ‘சொமலியே’. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் சேரும் என்று சொல்லிப் பரிமாறுகிற உத்தியோகம். அதற்கென்று படித்து, பரீட்சை எழுதி, பாஸ் பண்ணியிருக்கிறாள். நண்பரின் அகராதியில் இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். ‘ஊத்திக் கொடுக்கறா.’ ஒரு நாள் போனில் அதை அவளிடமே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வருடம் அப்பாவும் பெண்ணும் பேசவில்லை.

சென்ற வருடம் அவர் மனைவி பொறுக்க முடியாமல் டிக்கெட்டே எடுத்துவிட்டார். முழங்கால் வலியால் அவர் வரவில்லை. துணைக்கு நான்.

அவள் வேலை பார்க்கும் இடத்துக்கே எங்களை வரச் சொன்னாள். ஓரமாக ஒரு மேஜை. எதிரே சில்லி கிராப். 1950களில் செர் யாம் தியான் என்ற பெண்மணி காலாங் ஆற்றங்கரையில் தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்த பண்டம். தக்காளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பில் முழு நண்டு. நண்பருக்கு நண்டு என்றால் உயிர். ஆனால் கண் என்னவோ நண்டில் இல்லை. பெண் எங்கே போகிறாள், யாரிடம் என்ன பேசுகிறாள் என்று அவளையே சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேஜையில் கோட்டு போட்ட ஒருவர். கூட நாலு பேர். அவர்களுக்கும் அதே நண்டு. அவர் பட்டியலில் விலை அதிகமானதாகப் பார்த்து ஒரு பிரெஞ்சு சிவப்பு ஒயினைக் காட்டினார். இவள் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் யோசித்தார். தலையாட்டினார். அவள் கொண்டுவந்து வைத்தது ஒரு வெள்ளை ஒயின். எங்கள் மேஜையிலும் ஒரு பட்டியல் கிடந்தது. பழையதில் மூன்றில் ஒரு பங்குகூட விலை இல்லை என்று வாத்தியார் கணக்குப் போட்டுவிட்டார்.

அவள் எங்கள் பக்கம் வந்தபோது, இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை.

“ஏன் அது வேண்டாம்னே?”

ஒரு நொடி அவளுக்குப் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னாள்.

“காரம் ஒரு சுவையே இல்லப்பா. நாக்கு அதைச் சூடுன்னு நினைச்சுக்குது. ஆல்கஹாலும் அதே நரம்பைத்தான் தூண்டும். அந்தச் சிவப்பு ஒயின்ல 14 சதவீதம். எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரி. போதாததுக்கு டானின் வேற. கடுக்காய் கடிச்சா வாய் வறண்டு போகுமே, அது.”

“அப்ப இது?”

“ஜெர்மனியில மோசல் ஆத்தங்கரையில விளையற ரீஸ்லிங் திராட்சை. இந்த பாட்டில்ல 8 சதவீதம்தான். கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு. இனிப்பு காரத்தை அடக்கும். புளிப்பு அடுத்த வாய்க்கு நாக்கைக் கழுவி வைக்கும். காரக்குழம்புல துளி வெல்லம் போடச் சொல்வீங்களே, அதே கணக்குதான்.”

கணக்கு என்றதும் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கறின்னா சிவப்பு, மீன்னா வெள்ளைம்பாங்களே?” என்று நானும் என் ஞானத்தைக் காட்டினேன்.

“அதுவும் பொய்யில்ல மாமா. சிவப்பு ஒயின்ல இருக்கற இரும்புச்சத்துதான் மீனோட சேர்ந்து கவுச்சியைக் கிளப்புதுன்னு 2009-ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க. ஆனா அந்த விதியெல்லாம் ஒண்ணு முடிஞ்சு அடுத்தது வர்ற சாப்பாட்டுக்கு. நம்ம ஆசியாவுல எல்லாம் ஒரே நேரத்துல மேஜைக்கு வந்துடும். மீனைப் பார்க்கறதா, கறியைப் பார்க்கறதா? குழம்பைத்தான் பார்க்கணும்.”

கொரியாவில் பிறந்த ஜீனி சோ லீ, 2008-ல் ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ பட்டம் பெற்றவர். ஆசிய இனத்தவரில் முதல் ஆள். அடுத்த வருடமே ஆசியச் சாப்பாட்டுக்கென்று ஒரு புத்தகம் எழுதினார். “அதைப் படிச்சுட்டுதான்பா இந்த வேலைக்கே வந்தேன்” என்றாள்.

நண்பர் நண்டுக் காலை உடைத்தபடி கேட்டார். “அந்த விலை ஜாஸ்தி பாட்டிலையே வித்திருந்தா உனக்கென்ன நஷ்டம்?”

“எனக்கில்ல. நண்டுக்கு நஷ்டம்.”

நண்பர் சிரித்துவிட்டார். அவள் உள்ளே போய் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தாள். சில்லென்று பார்லித் தண்ணீர். “உங்களுக்கு இதுதான்பா. லேசா இனிப்பு. ஆல்கஹால் பூஜ்யம்.”

ஒரு வாய் நண்டு. ஒரு மடக்கு பார்லி. கண்ணை மூடி யோசித்தார். “சேருதும்மா” என்றார்.

மிளகாய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் அவசரமாக உள்ளே போனாள். அவள் நண்டைத் தொடவே இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள், காபிக் கடையில் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இதோ காவிரி வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

“பொருத்தம் பார்க்கறா சார்” என்றார் நண்பர்.

“ஜோசியமா?”

“அதைவிடக் கஷ்டம். ஜோசியம் தப்புன்னு தெரிய பத்து வருஷம் ஆகும். இதுல ஒரே வாய்ல தெரிஞ்சுடும்.”