நம் குழந்தைகளின் ஆறு

தமிழர் இருவர் அயலூரில் சந்தித்தால் முதலில் வினவுவது ஊர். அதன் பின் அவ்வூரின் ஆறு. தாமிரபரணிக் கரையார் ஒருவர், காவிரிக் கரையார் ஒருவர், வைகைக் கரையார் ஒருவர் என்று நம் உரையாடல் நீரைப் பற்றிக்கொண்டே செல்லும். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும் நம் குழந்தைகளும் ஆற்றில் குளித்த கதையைத் தோழரிடம் சொல்லி மகிழ்வர். ஆனால் மும்பையில் பிறந்து மும்பையில் வளரும் அக்குழந்தைகளிடம், “நீ வாழும் ஊரின் ஆறு எது?” என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு விடை தெரியாது. தெரிந்த சிலரும், “இங்கே ஆறு ஏது? நாலாதான் இருக்கிறது” என்பர்.

அவர்கள் நாலா என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பது மித்தி என்னும் ஆறு. மராத்தியில் மித்தி என்றால் அணைப்பு என்று பொருள். தகிசர், போய்சர், ஓசிவாரா, மித்தி என்று நான்கு ஆறுகள் இம்மாநகரில் உண்டு. விகார், பவாய் ஏரிகளின் மிகுநீர் சேர்ந்து பிறக்கும் மித்தி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியிலும் அது நுழைந்து செல்கிறது. குர்லா, கலினா, சயான், தாராவி என்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடங்கள் பலவற்றை அது தொட்டுச் செல்கிறது. எனவே அது நம் ஆறுதான்.

இயற்கையைப் பேணுமாறு குழந்தைகளுக்கு உபதேசம் செய்வதால் பயன் சிறிது. தாம் அறியாத ஒன்றின்மீது எவருக்கும் அன்பு பிறப்பதில்லை. ஆதலால் நம் குடும்பங்கள் சில சேர்ந்து, மழைக்காலம் ஓய்ந்த பின்னர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மித்தியின் வழியைச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து பார்த்தோம். கண்டவற்றையும், அவற்றிலிருந்து வீட்டுக்கு வந்த விளையாட்டுகளையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மலையில் கண்ட நீர்த்தொட்டிகள்

முதல் நாள் போரிவலிக்குச் சென்றோம். ரயில் நிலையத்துக்குக் கிழக்கே சிறிது தொலைவில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாயில் இருக்கிறது. ஒரு மாநகரின் எல்லைக்குள் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு! அதில் சிறுத்தைகளும் வாழ்கின்றன. ஆகவே பிள்ளைகள் கூட்டமாகவே நடக்க வேண்டும், பாதையை விட்டு விலகக் கூடாது. மும்பைக்குக் குழாய் வழியே முதன்முதலில் குடிநீர் தந்த விகார் ஏரி இம்மலைகளின் தெற்கே உள்ளது. அது 1860இல் கட்டி முடிக்கப்பட்டது. குடிநீர் ஏரியாதலால் பொதுமக்கள் அதன் கரைக்குச் செல்லக் கூடாது. பவாய் ஏரிக் கரைக்கு எவரும் போகலாம்.

வாயிலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கன்ஹேரிக் குகைகள் உள்ளன. கரிய மலை என்னும் பொருளுடைய கிருஷ்ணகிரி என்ற பெயரே திரிந்து கன்ஹேரி ஆயிற்று. பௌத்தத் துறவிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குடையத் தொடங்கிய குகைகள் இவை. நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பெரியோர் சிற்பங்களைக் கண்டு வியந்தோம். பிள்ளைகளுக்கோ வேறொரு வேலை தந்திருந்தோம். “குகையின் வாசலருகே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? அதற்கு நீர் எவ்வழியே வருகிறது? கண்டுபிடித்து எண்ணிச் சொல்லுங்கள்” என்பதே அது.

அவ்வளவுதான், பிள்ளைகள் பறந்தனர். பாறையில் வெட்டிய சிறு வாய்க்கால்களை விரலால் தொட்டுத் தொடர்ந்து சென்று, அவை தொட்டியில் முடிவதைக் கண்டு கூவினர். மழைநீரை ஆண்டு முழுதும் சேர்த்து வைத்துக் குடித்து வாழ்ந்திருக்கின்றனர் அத்துறவிகள். “குழாய் இல்லாமலா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். அவ்வொரு கேள்வியில் ஓராண்டுப் பாடம் அடங்கியிருந்தது.

சதுர மீட்டர் விளையாட்டு

மித்தியைப் பற்றிப் பேசுவோர் 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஐ மறந்து பேச இயலாது. அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் மழைமானியில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்நேரம் கடலும் ஏறியிருந்தது. கரைகள் நெருக்கப்பட்டு, குப்பையால் தூர்ந்திருந்த மித்தி, வந்த வெள்ளத்தை விழுங்க இயலாமல் வீடுகளுக்குள் திருப்பி அனுப்பியது. நகரில் பல நூறு பேர் மாண்டனர். நம்மவர் இல்லங்களிலும் அன்று நனைந்த திருமணப் படங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் இன்றும் கறையோடு இருக்கக் காணலாம்.

944 மில்லிமீட்டர் என்றால் குழந்தைக்கு என்ன விளங்கும்? கட்டடத்தின் முற்றத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள சதுரம் ஒன்று வரையச் சொன்னோம். ஒரு மில்லிமீட்டர் மழை அச்சதுரத்தில் பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஆகவே அன்று அச்சிறு சதுரத்தில் மட்டும் 944 லிட்டர் விழுந்தது. 15 லிட்டர் வாளியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 63 வாளி! பிள்ளைகள் சதுரத்தையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்து வாயடைத்து நின்றனர். “இத்தனை நீரும் எங்கே போகும்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். மண் இருந்தால் ஒரு பகுதி மண்ணுக்குள் போகும். சிமெண்டு பூசிவிட்டால் முழுதும் வடிகாலுக்குத்தான் போகும். வடிகாலில் பை அடைத்திருந்தால் வீட்டுக்குள் வரும். இதை அவர்களே ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தனர்.

மழைக்காலத்தில் இவ்விளையாட்டை நீட்டிக்கலாம். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை மொட்டைமாடியில் திறந்த வெளியில் வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அடிக்கோலால் நீரின் உயரத்தை அளந்து, குறித்துக்கொண்டு, நீரைச் செடிக்கு ஊற்றிவிடச் செய்யுங்கள். மறுநாள் செய்தித்தாளில் வரும் அளவோடு தம் அளவை ஒப்பிடுவதில் பிள்ளைகளுக்கு உண்டாகும் உற்சாகத்தைச் சொல்லி முடியாது.

தாராவியில் ஒரு பாடம்

அடுத்து தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் முன்னோர் பலர் குடியேறிய இடம் அது. மறுசீரமைப்புத் திட்டத்தால் அதன் தோற்றம் மாறும் காலம் இது; மாறுமுன் நம் பிள்ளைகள் அதன் உழைப்பைக் கண்ணால் காண்பது நலம். நகரம் எறியும் பிளாஸ்டிக்கைப் பிரித்து, கழுவி, நொறுக்கி, மீண்டும் பொருளாக்கும் பட்டறைகள் பல்லாண்டுகளாக இங்கே நடந்து வருகின்றன.

ஒரு பட்டறையில் முதியவர் ஒருவர் குவியலின் நடுவே அமர்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, எது எது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?” என்று கேட்டோம். அவர் நம்மைப் பாராமல் சிறுவன் ஒருவனை அழைத்து, “தம்பி, இதைக் கையிலே நசுக்கிச் சத்தத்தைக் கேளு. இப்ப இதைக் கேளு. ரெண்டும் ஒண்ணா?” என்றார். பின்னர் ஒரு வாளி நீரில் தண்ணீர்ப் புட்டியின் துண்டையும் அதன் மூடியையும் போட்டார். துண்டு மூழ்கியது, மூடி மிதந்தது. ஒரே புட்டியில் இருவகைப் பிளாஸ்டிக் உண்டு என்பதை அன்றுதான் பிள்ளைகள் அறிந்தனர். “வீட்டிலே சாம்பார் ஒட்டாம கழுவிப் போட்டா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்” என்று அவர் கூறிய சொல் தாய்மார்களின் நெஞ்சில் தைத்தது. அன்று முதல் எங்கள் இல்லங்களில் மூழ்குவது எது, மிதப்பது எது என்பது ஞாயிறு விளையாட்டாகிவிட்டது. குப்பையைப் பிரிக்கும் பழக்கம் அதனோடு தானே வந்தது.

அருகிலேயே கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் வழிவழியாகச் சக்கரம் சுழற்றும் இடம். அங்கே ஆளுக்கொரு மண்பானை வாங்கினோம். பக்கங்களில் சிறு துளைகள் இட்ட பானையில், காய்கறித் தோலும் வாழையிலைத் துண்டும் ஓரடுக்கு, காய்ந்த சருகு ஓரடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். துர்நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் சருகு சேர்த்தால் போதும். இரண்டு மூன்று மாதங்களில் கறுத்த, மண்வாசனையுள்ள எரு கிடைக்கும். வீட்டில் மிகச் சிறிய பிள்ளையைப் ‘பானைக்கு அதிகாரி’யாக நியமியுங்கள். அவ்வதிகாரியின் கண்ணுக்குத் தப்பி ஒரு வெங்காயத் தோலும் வெளியே போகாது!

குப்பைமேடு காடான கதை

தாராவிக்கு எதிரே, மித்தியின் கரையில், மகாராஷ்டிர நேச்சர் பார்க் இருக்கிறது. 37 ஏக்கர் பரப்பு. ஒரு காலத்தில் இது நகரின் குப்பை கொட்டும் மேடு. அதன்மேல் மண் பரப்பி, மரம் நட்டு, 1994இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். இன்று உள்ளே நுழைந்தால் வண்டிகளின் இரைச்சல் அடங்கி, நிழலும் பறவைக் குரலும் சூழ்கின்றன. வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. மழைநீரைச் சேமிக்கும் குளமும் உண்டு.

இங்கே மூன்று விளையாட்டுகள் ஆடினோம். கண்களை மூடி ஐந்து நிமிடம் அமர்ந்து, கேட்ட ஒலிகளுக்கு விரல் மடக்குவது ஒன்று. கீழே விழுந்த இலைகளில் பூச்சி கடித்த இலையைத் தேடி, கடித்தது யாராக இருக்கும் என்று ஊகிப்பது இரண்டு. இலையின்மேல் தாளை வைத்து வண்ணக் குச்சியால் தேய்த்து நரம்புகளைப் பதிப்பது மூன்று. மரத்திலிருந்து ஓரிலையும் பறிக்கலாகாது என்பது மூன்றுக்கும் பொது விதி.

ஆற்றோரத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. பிச்சாவரத்தைக் கண்ட பிள்ளைகளுக்கு அவை பழைய நண்பர்கள். சேற்றிலிருந்து பென்சில்கள் போல் மேல்நோக்கி நிற்பவை அவற்றின் மூச்சு வேர்கள். கடலலையின் வேகத்தைத் தணிப்பவையும், மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாய் இருப்பவையும் இம்மரங்களே. மகாராஷ்டிரத்தில் இவற்றை அழிப்பதற்கு 2005இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் அன்று வேர்களில் சிக்கித் தொங்கிய பைகளையும் பிள்ளைகள் கண்டனர். எவரும் எதுவும் கூறவில்லை. 2018இல் மாநில அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது; சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. மீதி நம் கையிலிருக்கும் பையில் இருக்கிறது. பாட்டியின் பழம்புடவையைத் தைத்துப் பையாக்கி, அதில் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்ட பிள்ளை, கடைக்காரர் நீட்டும் பையை வாங்குவதில்லை என்பது எங்கள் அனுபவம்.

நாள்தோறும் செய்யத் தக்கவை

மாதுங்காவிலோ செம்பூரிலோ இருப்போர் எல்லோரும் இப்படிச் சுற்றிவர இயலாது என்பதை அறிவோம். வெளியே செல்லாமலும் செய்ய நிறைய உண்டு. வெஸ்டர்ன் ரயிலில் மாகிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே செல்லும்போது சன்னல் வழியே கழிமுகத்தைப் பார்த்து, கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஊகிக்கச் செய்யலாம். சேறு தெரிந்தால் இறக்கம். வேர்கள் மூழ்கியிருந்தால் ஏற்றம். அரிசி களைந்த நீரைத் துளசிக்கு ஊற்றும் பொறுப்பைப் பிள்ளையிடம் தரலாம். வாசலில் அரிசிமாக் கோலமிட்டு, எறும்பு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று எண்ணலாம். பலகணியில் பறவைகளுக்கு ஒரு தட்டு நீர் வைக்கலாம். கொசு பெருகாதிருக்க நாள்தோறும் அந்நீரை மாற்ற வேண்டும். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரியாமல், பழையன கழிதலைப் பிரித்துக் கொடுத்தலாக மாற்றலாம்.

இவற்றையெல்லாம் குறித்து வைக்க ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ‘ஆற்று நோட்டு’ வாங்கித் தாருங்கள். இலைப் பதிவு, மழை அளவு, பறவைக் கணக்கு, பானையின் நலம் யாவும் அதில் ஏறட்டும். தமிழில் எழுதட்டும்; எழுத்துப் பிழையை அங்கே திருத்த வேண்டாம். பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசையிட்டு இந்நோட்டுகளைப் பரப்பினால், வரும் பெரியோர் கற்றுக்கொள்ளவும் அதில் செய்தி இருக்கும்.

தாமிரபரணியை நம் பிள்ளைகள் மறக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது தாத்தாவின் ஆறு. அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருப்போம். ஆனால் ஆண்டுக்கு இருபது நாள் காணும் ஆற்றை மட்டும் ஆறென்று சொல்லி, ஆண்டு முழுதும் கடக்கும் ஆற்றைச் சாக்கடை என்று சொல்லி வளர்த்தால், அப்பிள்ளைக்கு எந்த நீரும் சொந்தமாகாது. நாளை இந்நகரின் மழையில் நிற்கப் போவது அவர்கள்தாம். மித்தியைப் பெயர் சொல்லி அழைக்க இன்றே கற்பிப்போம்.