வ.உ.சி. கப்பலும் ஏர் இந்தியாவும்: குழுவில் நடந்த சண்டைக்கு என் பதில்



செப்டம்பர் 5 அன்று நீங்கள் அனுப்பிய ஆசிரியர் தின வாழ்த்துகளுக்கு நன்றி. தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுதப் படிக்க விடுகிறார்கள். போனைக் கையில் எடுத்தாலே மருமகள் ஒரு பார்வை பார்க்கிறாள்.

ஆனாலும் அன்றைக்கு நம் 96 செட் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வ.உ.சி. பிறந்த நாளும் அதே தேதிதான் என்பதால் ஒருத்தன் கப்பல் படம் போட்டு, "கப்பல் ஓட்டுனவர் பொறந்த சீமையில பொறந்துட்டு, நாட்டோட விமானக் கம்பெனிய வித்தத வேடிக்கை பாத்தோமே" என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி, "வித்ததே லேட்டு" என்றாள். அப்புறம் அரசியல், அப்புறம் சாதி வரைக்கும் போய், கடைசியில் "டீச்சர் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள். ஆனால் இந்த ஏர் இந்தியா விஷயத்தில் எனக்கும் என் வீட்டுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் தம்பியை உங்களில் பலருக்குத் தெரியும். 1990-ல் அவன் குவைத்தில் ஒரு தையல் கடையில் வேலைபார்த்தான். அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் விசா எடுத்தது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை உள்ளே புகுந்தது என்று வானொலியில் கேட்டதிலிருந்து அம்மா அடுப்பு பற்றவைக்கவே மறந்துபோனாள். கடிதம் இல்லை, தந்தி இல்லை. நான்தான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தபால் ஆபீசில் கேட்டுவிட்டு வருவேன்.

அவன் பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்தானுக்கு வந்து, அம்மான் நகரத்துப் பக்கம் கூடாரத்தில் கிடந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாயில் இறங்கினான். அந்த நேரத்தில் ஏர் இந்தியா 59 நாளில் 488 தடவை பறந்து, ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தது. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை. 2016-ல் வந்த ஏர்லிஃப்ட் இந்திப் படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். ஆனால் படத்தில் ஒரு கதாநாயகன் செய்ததுபோலக் காட்டியதை, நிஜத்தில் செய்தது சம்பளத்துக்கு வேலைபார்த்த விமானிகளும் அதிகாரிகளும்.

தம்பி சென்னை வந்து, நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியபோது கையில் ஒரு பாலிதீன் பை மட்டும்தான். அதில் இருந்தது ஒரு கத்திரிக்கோல். அந்தக் கத்திரிக்கோலை இன்னும் வைத்திருக்கிறான்.

வந்த கொஞ்ச நாளில் அவனை முக்கூடல் பக்கம் நான் வேலைபார்த்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசச் சொன்னேன். பாலைவனம், கூடாரம், தண்ணீருக்கு வரிசை எல்லாம் சொன்னான். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், அம்புட்டு பிளேனுக்கும் டிக்கெட்டு யாரு எடுத்தா?" என்றாள். அரசாங்கம் என்றேன். "அரசாங்கத்துக்கு ஏது துட்டு?" என்றாள். வரி என்றால் என்ன என்று அன்றைக்குத் தீப்பெட்டியையும் சோப்பையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா இலையும் தூளும் வாங்கிவந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு விடிய விடிய பீடி சுற்றுகிறவள். தீப்பெட்டி வாங்கும்போது அவளும் வரி கட்டுகிறாள் என்று நானே என் வாயால் சொன்னேன். என் தம்பி வந்த விமானத்துக்கு அவள் கொடுத்த காசும் உண்டு என்பது அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எதற்குக் கொடுத்தாளோ அதற்கு அது போய்ச்சேர்ந்தது.

2018-ல் ஏர் இந்தியாவில் 76 சதவீதப் பங்கை விற்கப்போவதாக அரசு அறிவித்தபோது நான் எதிர்க்கட்சி. அது நான் ஓய்வு பெற்ற வருஷம். சங்கக் கூட்டத்தில் எழுந்து தம்பி கதையைச் சொல்லிப் பேசினேன், கைதட்டினார்கள். அந்தத் தடவை வாங்க ஒரு ஆள்கூட வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஒருத்தரும் வாங்க வராத சாமானில் என்ன கோளாறு என்று யோசிக்கத் தோன்றவில்லை.

2021 அக்டோபரில் டாட்டாவுக்கு விற்றபோதுதான் கணக்கெல்லாம் வெளியே வந்தது. அப்போது கம்பெனியின் மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு நட்டம் ஏறத்தாழ 20 கோடி. 2009-10 முதல் அரசு ரொக்கமாகக் கொடுத்தது மட்டும் 54,584 கோடி. அதுபோக, கடனுக்கு ஜாமீன் நின்றது 55,692 கோடி. கோடி என்றால் நமக்குப் புரியாது, அதனால் கரும்பலகையில் போடுவதுபோல வகுத்துப் பார்த்தேன். ரொக்கத்தை மட்டும் 140 கோடி தலைக்கு வகுத்தால், தலைக்கு 390 ரூபாய். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது அம்மானுக்குப் போன விமானத்துக்கான காசு இல்லை. அதெல்லாம் முடிந்து இருபது வருஷம் கழித்து, கடனுக்கு வட்டி கட்டவும் நட்டத்தை மூடவும் போன காசு.

நட்டம் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குப் புரிந்த வரை, கையில் காசில்லாதபோது 111 புது விமானங்களுக்குக் கடனில் ஆர்டர் கொடுத்ததும், 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் அவசரமாக ஒன்றாகக் கட்டிவைத்ததும் பெரிய காரணங்கள். இரண்டு வீட்டுச் சம்பளம் வேறு, சட்டதிட்டம் வேறு, விமானம்கூட வேறு வேறு ரகம். கட்டிவைத்தவர்கள் போய்விட்டார்கள், குடித்தனம் நடத்த முடியாமல் அவர்கள் கிடந்தார்கள். தலைவர்கள் வெளிநாடு போய்வந்த விமானத்துக்கு அரசே பல நூறு கோடி பாக்கி வைத்திருந்தது என்பது தனிக் கதை. பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிட்டு, காசு கொடுக்காமல், ஏன் கடன் வாங்கினாய் என்று அடிக்கிற அப்பாவை நாம் பார்த்ததில்லையா?

இவ்வளவு காசு போட்ட அந்தக் கம்பெனி நம்ம ஊருக்கு என்ன செய்தது என்று கேட்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். 1992-ல் வாகைக்குளத்தில் விமான நிலையம் திறந்து, அரசின் வாயுதூத் சின்ன விமானம் வந்தது. அது நிலைக்கவில்லை. பல வருஷம் புல் முளைத்துக் கிடந்து, 2006-ல் ஏர் டெக்கான் என்ற தனியார் கம்பெனிதான் மறுபடி வந்தது. ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2005-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் முதல் விமானம் புறப்பட்டது திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு. நம் வள்ளியூர், பணகுடிப் பையன்கள் எத்தனை பேர் அதில் போனார்கள்! தாய் மூழ்கிக்கொண்டிருந்தபோதும் லாபம் காட்டிய மகள் அது. ஆகவே அரசுக் கம்பெனி என்றாலே உருப்படாது என்று நான் சொல்லவில்லை.

இப்போது வ.உ.சி.க்கு வருகிறேன். படம் போட்டவனே, நீ கேட்டது நல்ல கேள்விதான். 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியபோது மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார். எதிரில் நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மா வா, குடையும் தருகிறேன் என்றது. அந்த வெள்ளைக்காரக் கம்பெனி வளர்ந்ததே சர்க்கார் தபால் ஒப்பந்தத்தின் புண்ணியத்தில்தான். அந்தப் பக்கம் சர்க்கார் காசு, இந்தப் பக்கம் வ.உ.சி.க்கு சர்க்கார் கொடுத்தது சிறை. அவர் உள்ளே இருக்கும்போதே 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. காலியா கப்பலைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றார்கள் என்பதைப் பாடம் நடத்தும்போது எனக்கு ஒவ்வொரு வருஷமும் தொண்டை அடைக்கும்.

அப்போதே ஒரு தேசிய அரசு இருந்து, அந்தத் தபால் மூட்டையை வ.உ.சி. கப்பலில் ஏற்றியிருந்தால் சங்கம் பிழைத்திருக்கலாம். அப்படிப்பட்ட உதவியை நான் முழுமனதாக ஆதரிப்பேன். அது நியாயமான போட்டிக்கு வழிவிடுவது. அவருடைய சங்கத்தில் காசு போட்டவர்களும் தெரிந்தே போட்டவர்கள், பங்குப் பத்திரத்தில் பேர் எழுதி வாங்கியவர்கள். பீடி சுற்றுகிற அம்மாவிடம் யாரும் பத்திரம் நீட்டவில்லை.

ஏர் இந்தியாவின் ஆரம்பமும் தபால் மூட்டைதான். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டிவந்தது தபால் விமானம். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்கு வேறொருவர் கொண்டுவந்தார். தபாலைச் சுமந்ததற்குக் கூலி கிடைத்தது. 1953-ல் அரசுடைமை ஆன பிறகும் 1978 வரை அவர்தான் தலைவர். அந்தக் காலத்தில் உலகமே மெச்சிய கம்பெனி.

கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடையில் இருக்கிற நம் மாணவன் தனியாக எனக்கு எழுதியிருந்தான்: "டீச்சர், இங்கயும் இதே கததான்." வ.உ.சி. கப்பல் போன அதே ஊர். 1979-ல் தொடங்கிய ஏர் லங்காவில் 1998-ல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. 2007 டிசம்பரில், லண்டனிலிருந்து ஜனாதிபதி ராஜபக்சவும் கூட வந்தவர்களும் ஏறுவதற்காக, டிக்கெட் எடுத்த 35 பயணிகளை இறக்கிவிட மறுத்தார் தலைமை நிர்வாகி. அவருடைய வேலை அனுமதியை அரசு ரத்து செய்தது. 2008-ல் எமிரேட்ஸ் விலகிப்போனது. 2020-21-ல் மட்டும் நட்டம் 4,500 கோடி இலங்கை ரூபாய். 2022 மே மாதம், மருந்துக்கும் கேஸுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றபோது, பிரதமர் ரணில், விமானத்தில் கால் வைக்காத ஏழை இந்த நட்டத்தைச் சுமக்கக் கூடாது என்று பேசினார். அவர் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஞாபகம்தான் வந்தது. அப்புறம் வந்த அரசு, விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டது.

"அப்ப நம்ம ஊரு டவுன் பஸ்ஸும் நட்டத்துலதான ஓடுது, அதையும் வித்துரலாமா டீச்சர்?" என்று குழுவில் ஒருத்தன் கேட்டான். கூடாது. அதில் ஏறுகிறவள் பீடி கட்டு கொடுக்கப் போகிறவள், 2021-லிருந்து டிக்கெட் இல்லாமல் போகிறவள். அந்த நட்டம் யாருடைய மடியில் விழுகிறது என்று நமக்குத் தெரியும். என் ஓய்வூதியமும் அதே அரசுப் பெட்டியிலிருந்துதான் வருகிறது, அதனால் அரசு எதற்கும் காசு கொடுக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விமானத்துக்கும் கொடுக்கட்டும். ஆனால் போன வேலைக்குக் கூலியாகக் கொடுக்கட்டும். கம்பெனியையே தூக்கிச் சுமக்க வேண்டாம்.

அது முடியுமா என்றால், முடிந்தது. ஏர் இந்தியா 2022 ஜனவரி 27-ல் டாட்டா கைக்குப் போனது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் உக்ரைன் போர். மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளைக் கூட்டிவர முதலில் புக்காரெஸ்ட் போனது தனியாருடையதாகிவிட்ட அதே ஏர் இந்தியாதான். இண்டிகோவும் ஸ்பைஸ்ஜெட்டும் போயின, விமானப்படையும் போனது. செலவு அரசுடையது. மாறாக, 2020-ல் கொரோனா நேரத்தில் ஏர் இந்தியா அரசுக் கம்பெனியாக இருந்தபோது, வந்தே பாரத் விமானங்களில் வந்தவர்கள் டிக்கெட்டுக்குக் கைக்காசு கொடுத்துத்தான் வந்தார்கள். துபாயில் வேலை போன நம் பையன்கள் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தது எனக்கு நேரடியாகத் தெரியும்.

விற்றதில் எனக்குக் குறை இல்லையா? இருக்கிறது. 18,000 கோடிக்கு விற்றதாகச் சொன்னதில் அரசு கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடி. மீதி 15,300 கோடி, டாட்டா ஏற்றுக்கொண்ட கடன். 46,262 கோடிக் கடன் நம் தலையில்தான் நின்றது. நிலம், கட்டடம் என்று 14,718 கோடிக்குச் சொத்து அரசிடம் தங்கியது, அவ்வளவுதான். 2018-ல் நான் கைதட்டல் வாங்கிப் பேசியபோதே, அதற்கும் பத்து வருஷம் முன்னாலேயே, விற்றிருந்தால் இந்தப் பாரம் எவ்வளவோ குறைந்திருக்கும். கைதட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கட்சி மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பி மட்டும் இன்னும் மாறவில்லை. நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது வந்திருந்தான். படித்துக் காட்டினேன். "யக்கா, நீ சொல்ற கணக்கெல்லாம் சரி. ஆனா அம்மான்ல அந்த வாலப் பாத்தப்ப என் கண்ணுல தண்ணி வந்துச்சு. வேற எந்தக் கம்பெனி பேரு போட்டிருந்தாலும் வந்திருக்குமா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டில் 1990-ல் குவைத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால், எப்படி வந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தம்பியிடம் காட்ட வேண்டும். கணக்கில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், டீச்சர் கோபப்பட மாட்டேன். குழுவில் சண்டை போட்ட இரண்டு பேரும் முதலில் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பாளையங்கோட்டை