ஸஜ்தாவும் செயற்கை முழங்காலும்



முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு நம் மூத்தவர்கள் தயங்குவதற்கு வலியும் செலவும் மட்டுமே காரணமல்ல. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால்களுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தபின் செலவும் ஓரளவு குறைந்துள்ளது. ஆயினும் மயிலாப்பூரில் எங்களுடன் வாழும் என் உம்மா, மருத்துவர் பரிந்துரைத்த பின்னும் ஓராண்டுக் காலம் அதனைத் தள்ளிப்போட்டார்கள். "நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் போனால் என் தொழுகை என்ன ஆவது?" என்பதே அவர்களின் கவலை.

அக்கவலைக்கு மார்க்கம் என்றோ விடையளித்துவிட்டது. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, நிற்க முடிந்தவர் நிலையில் நிற்க வேண்டும். ஸஜ்தா செய்ய இயலாவிடில் நாற்காலியில் அமர்ந்து, ருகூவைவிடச் சற்று அதிகமாகக் குனிய வேண்டும். உடல்நலத்தோடு செய்துவந்த அமல்களின் நன்மை நோயுற்ற காலத்திலும் எழுதப்படும் என்பதும் நபிமொழியே.

ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும். செயற்கை மூட்டு நம் எலும்பின்மீதே பொருத்தப்படுகிறது. எலும்பு வலுவிழந்திருந்தால் முறிவு ஏற்படும் அபாயம் கூடும். எனவே அறுவைக்கு முன்பே எலும்பின் அடர்த்தி, வைட்டமின் டி ஆகியவற்றைச் சோதிப்பது குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். தியாகராய நகர், அடையாறு அடுக்ககங்களில் வாழும் நம் பெண்கள்மீது வெயில் படுவதே அரிது. ஃபஜ்ருக்குப் பிந்தைய இளவெயிலில் வைட்டமின் டி மிகக் குறைவாகவே உருவாகும். முற்பகல் வெயிலே பயன் தரும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அமர்வதாலும் பயனில்லை. மறைவான மொட்டைமாடி நல்லது. உணவில் பாலும் கேழ்வரகும் இடம்பெறட்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு. சர்க்கரை நோயாளிகள் அதனைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் அவசியம்.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். "பாவம், படுத்திருக்கட்டும்" என்னும் நம் பரிவு அங்கே தீங்காகிவிடும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் கால் முழுமையாக நிமிராமல் இறுகிவிடும். என் உம்மா ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பின்னும் நாற்காலியில் அமர்ந்தவாறே காலை நீட்டி மடக்கினார்கள்; பயிற்சி தவறவே இல்லை. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ இரத்தக்கட்டாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

உங்கள் வீட்டிலும் இதே தயக்கத்தோடு வலியைச் சுமப்பவர் இருந்தால், ஓர் ஆலிமிடமும் பேசச் செய்யுங்கள். பாதித் தயக்கம் அங்கேயே தீரும், இன்ஷா அல்லாஹ்.