அழிக்காமல் திறத்தல்

கணிப்பொறி மக்கர் செய்யும்போது நம்மூர்களில் முதலில் காதில் விழும் சொல் 'ஃபார்மட்'. வேகம் குறைந்துவிட்டதா, நச்சுநிரல் புகுந்துவிட்டதா, புதிய மென்பொருள் ஏற மறுக்கிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வட்டைத் துடைத்துவிடுவது. அந்த ஒரு சொல்லால் எத்தனை வீடுகளின் கடிதங்களும் புகைப்படங்களும் காணாமற்போயினவோ!

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கணிப்பொறி 2017-இல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த பதிப்பு கேட்கும் வன்பொருள் எங்களுடையதில் இல்லை. நன்றாக ஓடும் பொறியைத் தூக்கியெறிய மனமின்றி, அருகிலேயே லினக்ஸையும் நிறுவத் தீர்மானித்தோம். எங்கள் இருவரில் ஒருவரும் கணிப்பொறித் துறையினர் அல்லர். தயக்கத்துக்கு அதைவிடப் பெரிய காரணம், அந்த வட்டில் அப்பாவின் எழுத்து இருந்தது.

நாகல்நகர்ப் பூட்டுப் பட்டறைகளில் பல ஆண்டுகள் அலைந்து, தொழிலாளர்களிடம் கேட்டு அவர் குறித்துவைத்த சொற்களும் செய்திகளும் முந்நூறு கோப்புகளுக்கு மேல். 2003 தொடங்கி அவர் தட்டச்சிட்டது திஸ்கி முறையில். ஒருங்குறி பரவுவதற்கு முன் இணையத் தமிழர் பலர் புழங்கிய குறியாக்கம் அது. 256 இடங்களில் முதற்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மறுபாதியில் தமிழ் எழுத்து வடிவங்களை அடுக்கினார்கள். கோப்புகளையும் எழுத்துருவையும் முன்னெச்சரிக்கையாகப் படியெடுத்து வேறொரு பொறியில் திறந்தோம். இன்றைய செயலிகள் அவற்றை ஒருங்குறி என்றே எண்ணிக்கொண்டு கட்டங்களையும் கேள்விக்குறிகளையும் காட்டின. வாசிக்க முடியாத ஒன்றைக் காப்பாற்றிவிட்டதாக எப்படிச் சொல்வது?

நிறுவல் முதல் நாளே நின்றது. பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பெண் பொருந்தியது. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் எழுந்தது, இணையம் கிடைத்தது, தமிழும் அழகாகத் தெரிந்தது. ஆனால் நிறுவி, 'வட்டு எதுவும் இல்லை' என்றது. வேறொரு வழங்கலை முயன்றோம். அதுவும் பென் டிரைவை மட்டுமே கண்டது. பழுதுபார்க்கும் கடையில் விசாரித்தபோது, "ஃபார்மட் பண்ணிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார்கள்.

லினக்ஸின் நல்ல குணம், தன் மறுப்புக்குக் காரணத்தை எங்கேனும் எழுதிவைப்பது. கருநிரலின் பதிவேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். அவற்றில் 'என்விஎம்ஈ' என்று தேடியபோது விடை கிடைத்தது. மறைவாக ஒரு வட்டு இருக்கிறது, பயாஸில் ரெய்டு முறையிலிருந்து ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் அதைப் பயன்படுத்தலாம் என்று அந்த வரிகள் கூறின. வட்டு பழுதாகவில்லை. தாய்ப்பலகையின் சேமிப்பகக் கட்டுப்படுத்தி அதைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தது, அவ்வளவே.

உடனே மாற்றிவிடவும் கூடாது. பழைய இயங்குதளம் புதிய முறைக்கு ஆயத்தமாக இல்லாவிட்டால் எழும்பாமல் போகும். எனவே அதை முதலில் பாதுகாப்பு நிலையில் தொடங்கும்படி அமைத்தோம். பிறகு பயாஸில் மாற்றினோம். பாதுகாப்பு நிலையில் எழுந்தபோது தனக்கு வேண்டிய இயக்கியை அதுவே ஏற்றிக்கொண்டது. பின்னர் வழக்கமான தொடக்கத்துக்குத் திருப்பினோம். 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதியையும் நிறுத்தினோம். அது இருந்தால் பொறியை அணைத்தாலும் வட்டின் பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. லினக்ஸ் அதை வாசிக்க மட்டுமே திறக்கும். இவ்வளவும் முடிந்தபின் வட்டு தெரிந்தது. நிறுவல் தடையின்றி நிறைவேறியது.

அதன்பின் கிடைத்தது நாங்கள் எதிர்பாராத கொடை. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றின் அடித்தளமான கிளிப்சி நூலகத்துக்குத் திஸ்கி நெடுங்காலமாகத் தெரியும். 'ஐகான்வ்' என்ற கட்டளையில் திஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8-க்கு மாற்றச் சொல்லி ஒரே வரி எழுதினோம். முதலில் தமிழாக எழுந்த கோப்பு மாம்பழப் பூட்டைப் பற்றியது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. அதைக் காண அப்பா இல்லை. அவர் எழுதியதை இப்போது எந்தக் கைபேசியிலும் வாசிக்கலாம்.

இலக்கியம் பேசும் நம்மில் பலரிடம் அக்காலத்துக் கோப்புகள் இன்னும் கிடக்கின்றன. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டேப் குறியாக்கங்களில் இருப்பவற்றை ஐகான்வ் அறியாது; அவற்றுக்குத் தனி மாற்றிகள் தேவை. எந்த முறையாயினும், எழுதியவரோ அந்த எழுத்துருவை அறிந்தவரோ பக்கத்தில் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. பூட்டு திறக்கவில்லை என்பதற்காகத் திண்டுக்கல்லில் யாரும் வீட்டை இடிப்பதில்லை.