பார்வையிழந்த வீரரின் இல்லம்

களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டுவது பழந்தமிழர் வழக்கம். அவன் பெயரும் பெருமையும் அக்கல்லிற் பொறிக்கப்பெறும். மயிற்பீலி சூட்டி வழிபடுவர். அவன் குடும்பம் வாடாதிருத்தற்பொருட்டு உதிரப்பட்டி என்னும் பெயரால் நிலம் அளித்த செய்தியையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. மாண்டவனுக்குக் கல்லும், அவன் மக்களுக்கு நிலமும் கிடைத்தன. உயிர் பிழைத்து, உறுப்பிழந்து, ஊர் திரும்பியவனுக்கு யாது கிடைக்கும்? புகழ்வோர் சின்னாள் புகழ்வர். பின்னர்த் தத்தம் தொழிலை நாடிச் செல்வர். திண்ணையில் எஞ்சியிருப்பவன் அவன் ஒருவனே. எல்லா நாட்டிற்கும் எல்லாக் காலத்திற்கும் பொதுவான இவ்வினாவிற்கு, 1915-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒரு விடை தோன்றியது. அவ்விடையைத் தந்தவர் அரசரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். தாமே கண்ணொளி இழந்த ஒரு பத்திரிகை அதிபர்.

முதல் உலகப் போர் 1914-ஆம் ஆண்டில் மூண்டது. மேலைப் போர்முனையில் இரு திறத்தாரும் நிலத்தில் நீண்ட அகழிகளை வெட்டி, அவற்றுள் மாதக்கணக்கிற் பதுங்கியிருந்தனர். அகழியினின்று நிமிர்ந்து நோக்கும் வீரனுக்கு முதலில் வெளிப்படுவது முகமன்றோ? பகைவரின் குறியும், வெடிகுண்டின் சிதறலும் அம்முகத்தையே தாக்கின. 1915-ஆம் ஆண்டில் நச்சுப் புகையும் போர்க்கருவியாயிற்று. இருபது வயதும் நிரம்பாத இளைஞர் பலர் கண்களை இழந்து மருத்துவமனைக் கட்டில்களிற் கிடந்தனர். அக்காலத்தில் விழியிழந்த ஏழைக்குத் தெருவோரப் பிச்சையும் அறச்சாலைக் கஞ்சியுமே கதி என்பது பொதுமக்கள் எண்ணம். அவ்வீரர்களும் அவ்வாறே எண்ணி மனமுடைந்தனர்.

அவர்களைக் காண வந்தவர் ஆர்தர் பியர்சன் என்பவர். 'டெய்லி எக்ஸ்பிரஸ்' என்னும் நாளிதழை 1900-ஆம் ஆண்டில் தொடங்கிப் பெரும்பொருளும் பெரும்புகழும் ஈட்டியவர் அவர். கண்ணழுத்த நோயால் அவர் பார்வை சிறிது சிறிதாக மங்கிற்று. அறுவை மருத்துவமும் பயன்படவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு எழுத்தே தெரியாமற் போயிற்று. பிறர் ஆயின் மாளிகைக்குள் அடங்கி வாழ்நாளைக் கழித்திருப்பர். அவரோ பார்வையிழந்தோர்க்கான தேசியக் கழகத்திற் சேர்ந்து, 1914-ஆம் ஆண்டில் அதன் தலைவரானார். போரில் விழியிழந்தாரைப் பற்றிக் கேள்வியுற்றதும் மருத்துவமனைகட்குச் சென்று, கட்டிலருகே அமர்ந்து, தாமும் அவர்களைப் போன்றவரே என்று கூறினார். பார்வையுடையார் நூறு பேர் கூறும் ஆறுதலினும் அவ்வொரு சொல் வலியதாயிற்று.

ஆறுதலோடு அவர் நிறுத்திவிடவில்லை. 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய வீட்டிற் சிலரைச் சேர்த்துப் பயிற்சியைத் தொடங்கினார். இடம் போதவில்லை. ரீஜண்டு பூங்காவில் பரந்த தோட்டத்தோடு கூடிய தம் மாளிகையை ஆட்டோ கான் என்னும் அமெரிக்கச் செல்வர் அளித்துதவினார். அதற்குப் புனித டன்ஸ்டன் மாளிகை என்பது பெயர். அப்பெயர் வந்த வரலாறும் சுவையானதே. இலண்டனில் அப்புனிதர் பெயரால் அமைந்த ஒரு தேவாலயத்திற் பழைய மணிப்பொறி ஒன்று இருந்தது. இரண்டு உருவங்கள் மணியடித்துப் பொழுதறிவிக்கும் பொறி அது. தேவாலயத்தை இடித்துக் கட்டியபோது செல்வர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கித் தம் புதுமாளிகையில் நிறுத்தி, மாளிகைக்கும் அப்பெயரையே சூட்டினார். பொழுதைக் கண்ணாற் காண இயலாதார் கூடிய இல்லத்திற்குப் பொழுதைச் செவிக்கு உணர்த்தும் மணிப்பொறியால் பெயர் வாய்த்தது!

பியர்சன் வீரர்கட்கு முதலில் அளித்த பரிசும் ஒரு கடிகாரமே. அதன் கண்ணாடி மூடியைத் திறந்து, முள்ளையும் புள்ளிகளையும் விரலால் தடவி மணியை அறியலாம். பார்வையற்றவனுக்குப் பகலும் இரவும் ஒன்று; உறங்கி விழித்தவன் நள்ளிரவோ நண்பகலோ என்று பிறரைக் கேட்டே அறிதல் வேண்டும். அந்தச் சிறு தேவைக்கும் பிறர் வாயை எதிர்பார்த்திருந்தவன், தன் விரலாலேயே மணியை அறிந்தான். இழந்த உலகில் ஒரு துண்டு அவன் கைக்கு மீண்டது. பொற்கிழி அளித்திருப்பினும் இந்நிறைவு உண்டாயிராது. உதவி என்பது கொடுக்கும் பொருளின் விலையில் இல்லை. கொள்பவனைத் தன்காலில் நிற்கச் செய்வதில் இருக்கின்றது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அவ்வில்லத்தில் இரக்கமொழிக்கு இடமில்லை. அறைகளினூடே நீண்ட கம்பளப் பட்டைகள் விரிக்கப்பெற்றிருந்தன. பாதம் கம்பளத்தை உணரும் வரை வழி சரியானது. ஆதலால் கைப்பற்றி அழைத்துச் செல்ல ஆள் வேண்டுவதில்லை. ஆசிரியருட் பலர் தாமும் விழியிழந்தவரே. 'என்னால் இயலாது' என்று மாணவன் சொல்ல வாயெடுக்கும் முன்பே, இயலும் என்பதற்குச் சான்றாக ஆசிரியர் எதிரில் நின்றார். மாலையில் பூங்காவின் ஏரியிற் படகு வலித்தனர், நடனமும் ஆடினர். காலையில் பாடம். லூயி பிரெய்ல் என்னும் பிரெஞ்சுக்காரர் வகுத்த ஆறு புள்ளி எழுத்தை விரலால் தடவிப் படிக்கக் கற்றனர். தட்டெழுத்துப் பொறியை இயக்கவும் கற்றனர். தேர்ச்சி பெற்றவனுக்கு அப்பொறியே உடைமையாயிற்று. தாய்க்கும் மனைவிக்கும் எழுதும் அந்தரங்கக் கடிதத்தைப் பிறரிடம் சொல்லி எழுதுவிக்கும் நாணம் அன்றோடு ஒழிந்தது.

பின்னர்த் தொழிற்கல்வி. கூடை முடைதல், பாய் பின்னல், தச்சு, காலணி செப்பனிடல் ஆகியவற்றிற் பயின்றோர் பலர். தொலைபேசி நிலையத்திற் பணியாற்றப் பயின்றோரும் உளர். கோழி வளர்ப்பிற் பயின்றோர், இறகையும் உடலமைப்பையும் தடவியே இன்ன இனத்துக் கோழி என்று கூறும் திறம் பெற்றனர். உடற்கூறும் மருத்துவமும் கற்றுத் தேர்ந்தவர் சிலர், படைமருத்துவமனைகளில் அமர்ந்து, காயமுற்ற வீரரின் தசைகளையும் மூட்டுகளையும் நீவிக் குணப்படுத்தினர். நேற்று நோயாளியாகக் கிடந்தவன் இன்று அதே நிலையிற் கிடக்கும் மற்றொருவனுக்கு மருத்துவனானான்!

இவையெல்லாம் எளிதில் முடிந்தன என்று கருதுதல் பிழை. உழவிலும் சுரங்கத்திலும் உழைத்துக் காய்த்த விரல்கட்குப் புள்ளியெழுத்து எளிதிற் புலப்படுவதில்லை. நாற்பது வயதில் அரிச்சுவடி தொடங்குவது எவருக்கும் துன்பமே. நிதி திரட்டும் பொருட்டு வெளியிடப்பெற்ற படங்களில் எல்லா வீரரும் சிரித்த முகத்தோடு காணப்பட்டனர். அச்சிரிப்புக்குப் பின்னே உறக்கமற்ற இரவுகளும் இருந்தன என்பதை அறிவுடையோர் மறத்தல் ஆகாது.

இல்லத்தின் உண்மையான பெருமை, பயிற்சி முடிந்து வீரன் ஊர் திரும்பிய பின்னரே விளங்கிற்று. தொழில் கற்பித்து வாயிற்படி வரை வழியனுப்பிக் கதவடைத்துக்கொள்ளும் அறநிலையங்கள் உலகில் மிகப் பல. கூடை முடையக் கற்றவன் பிரம்புக்கு எங்கே போவான்? முடைந்த கூடையை எவர் வாங்குவார்? இரக்கத்தால் ஒரு முறை வாங்கியவர், வேலைப்பாடு செம்மையற்றதாயின் மறுமுறை வாங்குவரோ? இவ்வினாக்களை முன்னரே எண்ணிப் பியர்சன் பின்காப்புத் துறை ஒன்றை அமைத்தார். மூலப்பொருள்களை அத்துறை குறைந்த விலையில் அனுப்பிற்று. செய்த பொருள்களை விற்றுக் கொடுத்தது. தொழிலறிந்தவர் ஊர்தோறும் சென்று வேலையின் தரத்தைச் சோதித்துக் குறை கண்டவிடத்துத் திருத்தினர். குடும்பத்தையும் மறக்கவில்லை. வீரன் படையிலிருந்து விலகிய பின் பிறக்கும் மக்களுக்கு அரசின் உதவித்தொகை அக்காலத்தில் இல்லை. கண்ணிழந்த இளைஞன் மணஞ்செய்து மக்களைப் பெறுவான் என்று சட்டம் எழுதியவர் நினைக்கவில்லை போலும்! அக்குழந்தைகளின் பொருட்டுப் பியர்சன் தனி நிதியம் ஒன்றைத் திரட்டினார்.

1921-ஆம் ஆண்டு டிசம்பரில், குளியலறையில் வழுக்கி விழுந்து பியர்சன் எதிர்பாராது உயிர்நீத்தார். இல்லம் தளரும் என்று பலர் அஞ்சினர். தலைமைப் பொறுப்பு இருபத்துநான்கே வயதினரான இயன் பிரேசரிடம் வந்தது. 1916-ஆம் ஆண்டில் சோம் ஆற்றுப் போரிற் பார்வை இழந்து, அவ்வில்லத்திலேயே பயின்று, பின்காப்புத் துறையை நடத்திவந்தவர் அவர். 1974-ஆம் ஆண்டில் இறக்கும் வரை ஐம்பதாண்டுகட்கு மேல் அப்பொறுப்பை அவரே தாங்கினார். நாடாளுமன்ற உறுப்பினராகிப் பார்வையிழந்தாருக்காக வாதாடினார். காய்த்த விரல்களின் தொல்லையை நேரிற் கண்டவராதலின், நூல்களை ஒலித்தட்டிற் பதிந்து செவியாற் கற்பிக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 1935-ஆம் ஆண்டில் 'பேசும் நூல்கள்' பிரிட்டனில் வெளிவந்தன. வீரருக்கென்று எண்ணிய அவ்வழி, விழியிழந்தார் அனைவருக்கும் பொதுவழியாயிற்று.

அவ்வில்லத்திற் பயின்ற மற்றொருவரால் அதன் பயன் இந்தியாவையும் அடைந்தது. அவர் நியூசீலாந்து நாட்டவரான குளூதா மெக்கன்சி. 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டில், துருக்கி நாட்டுக் கலிப்போலியில் நிகழ்ந்த போரில் வெடிகுண்டால் இரு கண்களையும் இழந்தபோது அவருக்கு வயது இருபது. இலண்டன் இல்லத்திற் பயின்று, தம் நாட்டுப் படைவீரர்க்கென ஓர் இதழையும் நடத்தினார். பின்னர்த் தாயகம் திரும்பிப் பார்வையிழந்தோர் பணியில் ஈடுபட்டார். இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்களும் விழியிழந்து மீளவே, அவர்கட்கென இமயமலை அடிவாரத்திலுள்ள டேராடூன் நகரில் 1943-ஆம் ஆண்டில் புனித டன்ஸ்டன் விடுதி திறக்கப்பெற்றது. அதனை நிறுவி நடத்தும் பணியை மெக்கன்சி ஏற்றார்.

அங்கே இலண்டனில் இல்லாத ஒரு சிக்கல் எழுந்தது. இந்தியப் படையிற் பல மொழியாளர் இருந்தனர். மொழிக்கு மொழி எழுத்து வேறு. பாதிரிமாரும் பிறரும் வெவ்வேறிடங்களில் வெவ்வேறு புள்ளிமுறைகளை வகுத்திருந்தனர். ஒரு பள்ளியிற் கற்றவன் மற்றொரு பள்ளியின் நூலைப் படித்தல் அரிதாயிற்று. எல்லா இந்திய மொழிகட்கும் பொருந்தும் ஒரே முறை வேண்டும் என்னும் முயற்சி வலுப்பெற்றது. இந்திய அறிஞர் பலர் இதற்கு உழைத்தனர். 1949-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இச்சிக்கலைக் கைக்கொண்டபோது, அதன் அறிவுரையாளராக அமர்ந்தவரும் மெக்கன்சியே. 1951-ஆம் ஆண்டில் பாரதி பிரெய்ல் என்னும் பொதுமுறை உறுதிபெற்றது. அம்முறையில் ஓர் ஒலிக்கு எம்மொழியிலும் ஒரே புள்ளிக்கூட்டம். 'க' என்னும் எழுத்து இந்தியில் எப்புள்ளிகளால் அமையுமோ, அப்புள்ளிகளாலேயே தமிழிலும் மலையாளத்திலும் அமையும். தமிழின் சிறப்பொலியாகிய ழகரத்திற்கும் இடமுண்டு. உயிர்மெய் எழுத்தை மெய்யும் உயிருமாகப் பிரித்து அடுத்தடுத்து எழுதுவர். 'கி' என்பதைக் ககரமும் இகரமுமாக விரல் உணரும்.

டேராடூன் விடுதி வீரரோடு நின்றுவிடவில்லை. 1950-ஆம் ஆண்டில் அது பார்வையிழந்த பொதுமக்கட்குரிய அரசுப் பயிற்சி நிலையமாக வளர்ந்தது. மறு ஆண்டில் அந்நகரிலேயே மத்திய பிரெய்ல் அச்சகம் தோன்றிற்று. இன்று அங்கே பார்வைக் குறையுடையோர்க்கான தேசிய நிறுவனம் நடைபெறுகின்றது. இலண்டன் இல்லம் 2012-ஆம் ஆண்டில் தன் பெயரை மாற்றிக்கொண்டு, போரில் அன்றி நோயாலும் முதுமையாலும் பார்வை குன்றிய முன்னாட் படைவீரரையும் சேர்த்துப் பேணி வருகின்றது. ரீஜண்டு பூங்காவின் மணிப்பொறி 1935-ஆம் ஆண்டிலேயே பழைய தேவாலயத்திற்குத் திரும்பிவிட்டது. இன்றும் அங்கே நின்று மணியடிக்கின்றது.

தமிழ்நாட்டில் பார்வையற்ற சிறுவன் ஒருவன் பள்ளியில் முதன்முதல் தொட்டறியும் எழுத்து அகரம். பாரதி பிரெய்லில் அதற்கு ஒரே ஒரு புள்ளி. ஆறு புள்ளிக் கட்டத்தின் இடப்புறத்து மேல்மூலையிலே, விரல் முதலில் தொடும் இடத்திலே அது இருக்கும்.